இலை சிறுக்கும், காய் சிறுக்காது

தமிழ்க் கவிதையில் போன்சாய் வந்தாலே அடுத்த வரி என்னவென்று வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. தொட்டி சிறை. கத்தரி அதிகாரம். மரம் பெண், இல்லையென்றால் டியூஷனுக்கு ஓடும் குழந்தை, மலேசியாவில் எழுதினால் தோட்டத்துத் தமிழன். வானளவு வளர வேண்டியது வரவேற்பறையில் நிற்கிறதே என்ற அங்கலாய்ப்போடு கவிதை முடியும். நாமும் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். எனக்கு அதுதான் பிரச்சினை. இவ்வளவு சுலபமாகத் தலையாட்ட வைக்கும் படிமம் எதையும் புதிதாகப் பார்க்க வைப்பதில்லை.

உருவகமே கெட்டது என்று சொல்ல வரவில்லை. அமெரிக்கக் கவிஞர் மார்ஜ் பியர்சியின் 'எ வொர்க் ஆஃப் ஆர்டிஃபிஸ்' போன்சாயைப் பெண்ணோடு வைத்துப் பேசிய கவிதைதான். அது இன்றும் படிக்கப்படுவதற்குக் காரணம், அதில் ஒரு தோட்டக்காரன் இருக்கிறான். தினமும் கிளையைச் சீவிக்கொண்டே, சின்னதாக இருப்பதுதான் உன் இயல்பு என்று மரத்திடம் கொஞ்சிப் பேசுகிறான். வன்முறை அந்தக் கொஞ்சலில் இருக்கிறது. நம் கவிதைகள் தொட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு தோட்டக்காரனை விட்டுவிட்டன. யார் வெட்டுகிறார்கள், என்ன சொல்லி வெட்டுகிறார்கள் என்பது காணோம். மிஞ்சுவது கழிவிரக்கம், அவ்வளவுதான்.

காய்க்கும் போன்சாய் ஒன்றைக் கிட்ட நின்று பார்த்தால் இந்தக் கழிவிரக்கம் கொஞ்சம் ஆட்டம் காணும். வேரைக் கத்தரித்து, நுனியைக் கிள்ளிக் கிள்ளி வளர்க்கும்போது இலை சிறுக்கும், கணுவுக்குக் கணு இடைவெளி குறையும். பூவும் காயும் அப்படிச் சிறுப்பதில்லை. ஓரடி மரத்திலும் காய் தன் இனத்தின் அளவுக்கே வரப் பார்க்கும். அதனால்தான் வளர்ப்பவர்கள் இயல்பிலேயே சின்னக் காய் பிடிக்கும் வகைகளைத் தேடுகிறார்கள்: குட்டை மாதுளை, கஸ்தூரி எலுமிச்சை, பார்படோஸ் செர்ரி. ஈப்போ பக்கம் தம்புனில் கடை கடையாகத் தொங்கும் பம்ப்ளிமாஸ் ஒன்றே ஒரு கிலோவைத் தாண்டும். அதைத் தட்டில் வளர்த்தால் காய் மரத்தைச் சாய்த்துவிடும்.

காய் பிடித்தாலும் எல்லாவற்றையும் விட்டுவைக்க மாட்டார்கள். சிலதை மட்டும் வைத்து மீதியைக் கிள்ளிவிடுவார்கள். மரம் இளைத்திருந்தால் அந்தத் தடவை காயே வேண்டாம். பட்டினி போட்டு வளர்ப்பது என்ற நம்பிக்கையும் தப்பு. ஆழமில்லாத தட்டில் மண் சீக்கிரம் காயும். நம் வெயிலுக்குச் சில நாள் இரண்டு வேளை தண்ணீர் ஊற்ற வேண்டும், காய்க்கிற மரத்துக்கு உரமும் தவறக் கூடாது. மறந்துபோய் இரண்டு நாள் ஊருக்குப் போனால் போச்சு. அப்படியென்றால் கட்டிப்போடப்பட்டிருப்பது யார், மரமா, வளர்ப்பவரா? கவிதை எழுத வேண்டிய இடம் இதுதான். அங்கே யாரையும் காணோம்.

இன்னொன்று. போன்சாய் என்றால் வளரவிடாமல் நிறுத்திய குழந்தை என்றே நினைக்கிறோம். விதை போட்டால் எலுமிச்சை வகைகள் காய்க்க வருஷக்கணக்கில் ஆகும். அதனால் பலர் ஏற்கெனவே காய்த்த மரத்தின் கிளையில் விண்பதியம் போடுகிறார்கள். கிளையைச் சுற்றிப் பட்டையை வளையமாக உரித்து, அடியில் வழுவழுப்பாக இருக்கும் படலத்தைச் சுரண்டிவிட்டு, ஈரத் தேங்காய்நாரை வைத்துப் பிளாஸ்டிக்கால் இறுக்கிக் கட்டினால், வெட்டுக்கு மேலே வேர் இறங்கும். பிறகு அறுத்துத் தட்டில் வைப்பார்கள். பார்க்கக் கன்று மாதிரி இருக்கும். ஆனால் காய்க்கும் வயதைக் கூடவே கொண்டுவந்த மரம் அது.

அந்த வழுவழுப்பான படலத்தைப் பால்மரம் வெட்டிய கைகளுக்கு நன்றாகத் தெரியும். பதியம் போடுபவர் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். பால் வெட்டுபவர் அதைத் தொடவே கூடாது. உளி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வரும், ஏச்சும் கிடைக்கும். 1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. அதற்குப் பின் பேராவில் பெருகிய தோட்டங்களில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகியது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நுணுக்கம். அந்தக் கைகளின் பேரப்பிள்ளைகள் எழுதும் போன்சாய்க் கவிதையில் அந்த மில்லிமீட்டர் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

ஜப்பானின் நோ நாடகங்களில் 'ஹாச்சி நோ கி' என்று ஒன்று உண்டு. தொட்டி மரங்கள் என்று பொருள். உறவினர்களிடம் நிலத்தைப் பறிகொடுத்து வறுமையில் கிடக்கும் சானோ என்ற சாமுராய், பனி கொட்டும் இரவில் வந்த துறவிக்குக் குளிர்காய ஒன்றும் இல்லாமல், தன்னிடம் மிஞ்சிய பிளம், செர்ரி, பைன் தொட்டி மரங்களை வெட்டி எரிக்கிறான். இந்த நாடகத்தில் மரம் யாருடைய கைதியும் இல்லை. நிலம் இழந்தவனிடம் கடைசியாக மிஞ்சிய நிலம் அது. வந்தவர் மாறுவேடத்திலிருந்த ஆட்சியாளர் என்பதால் கடைசியில் சானோவுக்கு நிலம் திரும்பக் கிடைக்கிறது, அந்த மூன்று மரங்களின் பெயர் கொண்ட ஊர்களும் சேர்ந்து.

இதைப் படித்துவிட்டுச் சுங்காய் பக்கம் வாருங்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்து வீட்டுக்குப் பின்னால் நட்ட மா, கொய்யா, முருங்கை எதுவும் நட்டவருக்குச் சொந்தமாக இருந்ததில்லை. வேலை போனால் வீடு போகும். வீட்டோடு மரமும் போகும். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதற்குப் பின்னால் இருந்ததும் இந்தப் பயம்தான். தோட்டத்தைவிட்டு வந்தவர்களின் தாமான் வீடுகளில் சிமெண்டு முற்றம், அதில் பெயிண்டு வாளி, அதில் எலுமிச்சையோ கறிவேப்பிலையோ. யாரும் அதைப் போன்சாய் என்று சொல்வதில்லை. ஆனால் அடுத்த முறை வீடு மாறும்போது லாரியில் ஏறக்கூடிய நிலம் அந்த வாளி மட்டும்தான்.

இதையும் உடனே பெருமிதக் கவிதையாக்கிவிட வேண்டாம். சானோவுக்கு நிலம் திரும்பியது. இவர்களுக்கு வாளியோடு சரி. 'நாங்கள் போன்சாய்' என்று எழுதும்போது இந்தக் கணக்கும் கவிதைக்குள் வர வேண்டும். வெட்டிய கை யாருடையது, தண்ணீர் ஊற்றிய கை யாருடையது, காயைப் பறித்துக்கொண்டு போனது யார்? இலை சிறுத்ததைப் பற்றி நிறையவே எழுதிவிட்டோம். காய் சிறுக்கவில்லையே, அதைப் பற்றி யாராவது எழுதுங்கள்.