பிக்கப் வேறு, இழுவை வேறு

யெஸ்டி ரோட்கிங்கைப் பார்த்ததும் இந்தக் காலத்துப் பையன்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது ஆர்டி 350-ஐ அடிக்குமாண்ணா?"

அடிக்காது. நேர் ரோட்டில் ஆர்டி போன பிறகு அதன் புகைதான் உங்களுக்கு மிச்சம். இதைச் சொன்னதும் பையன் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறான். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். ஒரு வண்டியைப் பற்றிக் கேட்க ஒரே ஒரு கேள்விதானா? அதுவும் மைசூரில்! யாதவகிரியில் இந்த வண்டி பிறந்த இடத்துக்கு ஐந்து நிமிட தூரத்தில் குடியிருக்கும் பையன், ஃபரீதாபாத்தில் பிறந்த ஆர்டியின் படத்தைக் கைபேசி முகப்பில் வைத்துக்கொண்டு திரிகிறான்.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஐடியல் ஜாவா, மைசூர். ருஸ்தம் இரானி தொடங்கிய கம்பெனி. செக் நாட்டு ஜாவாவை 1961-இல் இங்கே தயாரிக்க ஆரம்பித்தது. மைசூர் மாநில ஆளுநராக இருந்த ஜெயசாமராஜ உடையார் தொடங்கிவைத்த ஆலை. எழுபதுகளில் ஜாவா என்ற பெயர் போய் யெஸ்டி வந்தது. 1978-இல் ரோட்கிங்: 250 சிசி, ஒற்றை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், நான்கு கியர், 16 குதிரைத்திறன். 1983-இல் எஸ்கார்ட்ஸ், யமஹாவோடு சேர்ந்து ராஜ்தூத் 350-ஐக் கொண்டுவந்தது. எல்லோரும் ஆர்டி என்று சொல்வது இதைத்தான். 347 சிசி, இரட்டை சிலிண்டர், ஆறு கியர், ஹை டார்க் ரகத்தில் 30.5 குதிரைத்திறன். அன்றிலிருந்து இன்றுவரை நம் ஊர்க்காரன் எந்தப் பழைய வண்டியை எடைபோட்டாலும் தராசின் மறுதட்டில் ஆர்டிதான். அந்தத் தட்டுக்கு எதிரே, பாதி பலத்தோடு, குறைந்த விலையில் நின்றது எங்கள் ஊர் வண்டி.

ரசிக்கப் பழக வேண்டுமென்றால் முதலில் வண்டியின் இடது பக்கம் போய் நில்லுங்கள். கிக்கர் எங்கே என்று தேடாதீர்கள், தனியாக ஒன்று கிடையாது. கியர் லீவரை உள்ளே அழுத்திப் பின்பக்கமாகத் திருப்பினால் அதுவே கிக்கர். உதைத்து இன்ஜின் பிடித்ததும் முன்பக்கம் மடக்கினால் மறுபடி கியர் லீவர். ஒரே இரும்பு, இரண்டு வேலை. அந்த லீவரைக் காலால் அழுத்தும்போதே உள்ளுக்குள் கிளட்சும் விலகுகிறது. கிளட்ச் கேபிள் நடுவழியில் அறுந்தாலும் காலாலேயே கியர் போட்டு வீடு வந்து சேரலாம். பின்னால் இரண்டு சைலன்சர் இருப்பதைப் பார்த்து இரட்டை சிலிண்டர் என்று நினைக்காத ஆளே இல்லை. சிலிண்டர் ஒன்றுதான். அதன் முகத்தில் இடதும் வலதுமாக இரண்டு வாய், ஒவ்வொன்றுக்கும் ஒரு குழாய். குனிந்து பாருங்கள், யானையின் இரு தந்தம் மாதிரி இருக்கும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பிக்கப் வேறு, இழுவை வேறு. இது புரியாமல் ரோட்கிங்கைத் தொடாதீர்கள்.

பிக்கப் என்பது சிக்னல் விழுந்ததும் தெரிவது. 1985-இல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ ஓட்டியவர்களைக் கேளுங்கள். 98 சிசி வண்டி கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடும். ஆர்டியும் அந்தச் சாதிதான், இன்னும் மூர்க்கம். ஆனால் ஆர்டியைக் கவனமாக ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் சுற்று கீழே கிடக்கும்வரை அது சாது. ஒரு கட்டம் தாண்டியதும் சைலன்சரின் கூவல் மாறும், முன்சக்கரம் லேசாகும், வண்டி பாயும். அந்தக் கட்டத்துக்கு மேலேயே சுற்றை வைத்திருக்கத்தான் ஆறு கியர். ஆர்டிகாரனின் இடது கால் சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை.

இழுவை என்பது வேகம் குறையும்போது தெரிவது. ஏற்றம், பின்னால் ஒரு ஆள், வளைவில் வண்டி தளர்ந்து முப்பதுக்கு வந்துவிட்டது, கியர் இன்னும் மூன்றாவதிலேயே இருக்கிறது. இப்போது ஆக்சிலேட்டரைத் திருகினால் என்ன நடக்கிறது? அதுதான் இழுவை. செக்குமாடு மாதிரி. அவசரம் கிடையாது, நிற்பதும் கிடையாது.

இது எங்கிருந்து வருகிறது? ரோட்கிங்கின் போர் 65 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 75. சிலிண்டரின் அகலத்தைவிட நீளமாகப் பிஸ்டன் பயணம் போகிறது. ஆர்டியில் போர் 64, ஸ்ட்ரோக் 54 மட்டுமே, குட்டைப் பயணம். நீளமாகப் போய் வரும் பிஸ்டனை அசுர வேகத்தில் சுழற்ற முடியாது. ஆனால் ஸ்ட்ரோக் நீளம் மட்டுமே இழுவை தரும் என்று சிலர் எழுதுகிறார்களே, அது அரைகுறை. அதிகச் சுற்றுக்கு ஆசைப்படாததால் சிலிண்டரின் போர்ட்டுகளைக் கீழ்ச் சுற்றுக்குத் தோதாகத் திறந்து மூட வைக்க முடிந்தது. கூடவே கனமான கிராங்க். ஒருமுறை சுற்ற ஆரம்பித்தால் லேசில் சோராது. மூன்றும் சேர்ந்ததுதான் அந்த இழுவை. என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் பாய் இதை ஒரே வரியில் முடித்துவிடுவார்: "சார், ஆர்டிக்குக் கோபம் வரணும், இதுக்கு வேலை கொடுத்தா போதும்."

இரண்டு வண்டியை ஒப்பிடுகிறேன் என்று விமான ஓடுதளம் மாதிரி ரோட்டில் ஓடவிட்டுக் கடிகாரத்தைக் காட்டும் வீடியோக்கள் எனக்கு எரிச்சலைத்தான் தருகின்றன. அதில் அளக்கப்படுவது ஒன்று மட்டும். சோழவரத்தில் பழைய ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் ஆர்டி அங்கே ராஜா. அதை யார் மறுத்தார்கள்? ஆனால் தினம் பந்தயம் ஓட்டியா சம்பளம் வாங்குகிறோம்? எண்பதுகளில் ஆர்டியின் விலையே பலரை ஷோரூம் வாசலில் நிறுத்தியது. பெட்ரோல் குடியோ அதைவிட மோசம். லிட்டருக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் கிடைத்தால் அன்றைக்குத் திருநாள். பெட்ரோல் செலவுக்கு ஆட்கள் பயந்தார்கள் என்றுதான் பலத்தைக் குறைத்து 27 குதிரைத்திறனில் லோ டார்க் என்று ஒரு ரகமே விட்டார்கள். அப்படியும் 1990-ஓடு கதை முடிந்தது. பாதி பலத்து ரோட்கிங் 1996-இல் ஆலை மூடும்வரை ஓடியது. இதை எந்த வீடியோவிலும் சொல்ல மாட்டார்கள்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. ரோட்கிங்கை வாங்கி, சைலன்சர் உள்குழாயைப் பிடுங்கி எறிந்து, மட்கார்டை அறுத்து, காபிக் கடை வாசலில் சாய்த்து வைத்துப் படம் எடுப்பார்கள். அந்த உள்குழாய் சத்தத்தை அடக்க மட்டும் இல்லை. டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சரும் இன்ஜினின் ஒரு பாகம். எரியாமல் வெளியே ஓடப் பார்க்கும் பெட்ரோல் கலவையைத் திருப்பி உள்ளே தள்ளுவதில் அதற்கும் பங்கு உண்டு. பிடுங்கினால் சத்தம் வரும், இழுவை போய்விடும். எதற்காக வாங்கினீர்களோ அதையே அறுத்துப் போட்ட மாதிரி.

ஒன்று சொல்கிறேன், இதை நான் வெளியே சொல்லிக்கொண்டு திரிவதில்லை. என் நெருங்கிய நண்பனிடம் ஹை டார்க் ஆர்டி இருக்கிறது. ஒருமுறை சேர்ந்து ஊட்டிக்குப் போனோம். நஞ்சன்கூடு தாண்டியதும் அவன் கண்ணில் படவில்லை. குண்டலுப்பேட்டையில் அவன் இரண்டாவது டீ குடிக்கும்போது நான் போய்ச் சேர்ந்தேன். பந்திப்பூர், முதுமலை, மசினகுடி என்று காடு தாண்டி கல்லட்டி ஏற்றம். 36 கொண்டை ஊசி வளைவு. அங்கேதான் அவனுடைய சிவப்பு விளக்கு மறுபடி என் கண்ணில் பட்டது. ஒவ்வொரு வளைவிலும் முதல் கியருக்கு இறங்கி, முறுக்கி, இரண்டுக்கு ஏறி, மறுபடி இறங்கி. நான் பின்னால் பெரிய பையோடு, பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே உட்கார்ந்திருந்தேன். அவன்தான் முதலில் மேலே போனான். ஆனால் நான் போய் நிறுத்தியபோது அவன் இன்னும் ஹெல்மெட் வாரைக் கழற்றிக்கொண்டிருந்தான். கையை உதறிக்கொண்டே என் வண்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். எதுவும் சொல்லவில்லை. திரும்பும்போது, "சாவியைக் கொடு, கொஞ்ச தூரம் நான் ஓட்டுறேன்" என்றான். மைசூர் வரும்வரை திருப்பித் தரவில்லை.

நீங்கள் ஊட்டி வரை போக வேண்டாம். ஜூலை இரண்டாவது ஞாயிறு ஜாவா-யெஸ்டி தினம். பழைய வண்டிக்காரர்கள் ஒன்றுகூடுவார்கள். நரைத்த தலையாகப் பார்த்துப் பேச்சுக் கொடுங்கள். ஓட்டக் கேட்காதீர்கள், பின்சீட்டைக் கேளுங்கள். சாமுண்டி மலைக்கு விடியற்காலை கூட்டிப்போகச் சொல்லுங்கள், பஸ் கூட்டம் வருவதற்கு முன். ஏற்றத்தில் ஏதாவது ஒரு வளைவில் அவர் மூன்றாவது கியரை மாற்றாமலே விடுவார். வண்டி தளரும், சைலன்சர் இரண்டும் தடதடவென்று ஒவ்வொரு அடியாக எண்ணும், நின்றுவிடும் என்று உங்களுக்குத் தோன்றும். அப்போது அவர் தோளைப் பிடிக்காதீர்கள். கை இரண்டையும் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு, காதை மட்டும் கொடுங்கள்.