கமரா அவர் கையில் இருந்தவரை

அல் குசைஸில், ஆறுபேர் தங்கும் அறையொன்றின் இரட்டைத் தட்டுக் கட்டில்களில் குந்தியிருந்து நாம் இந்தப் படத்தைப் பார்த்தோம். ஸ்டீவ் லவ்றிட்ஜ் இயக்கி 2018இல் வெளிவந்த ‘மாதங்கி / மாயா / எம்.ஐ.ஏ.’ என்னும் விவரணப்படம் அது. அவ்வாண்டு சண்டான்ஸ் விழாவில் நடுவர் குழுவின் சிறப்பு விருதைப் பெற்றது.

இசைக்கலைஞரின் புகழைச் சொல்லும் படங்கள் பெரும்பாலும் வெற்றியில் நின்றுகொண்டு பின்னோக்கிப் பார்ப்பவை. இங்கே நிலைமை வேறு. மாயா அருட்பிரகாசம் விவரணப்படம் எடுக்க விரும்பியவர். 1975இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், பத்து வயதளவில் தாயுடன் அகதியாக லண்டன் திரும்பியவர். எலாஸ்டிக்கா என்ற றொக் குழுவின் அமெரிக்கப் பயணத்தைப் படம்பிடிக்கப் போன இடத்தில்தான் ரோலண்ட் 505 என்ற தாள இயந்திரம் அவருக்கு அறிமுகமாயிற்று. 2005இல் ‘அருளர்’, 2007இல் ‘கலா’ என இரு இசைத்தொகுப்புகள் வந்தன. முதலாவது ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான தந்தையின் பெயர். மற்றது தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த தாயின் பெயர்.

படத்தின் உயிர், புகழுக்கு முந்திய ஒளிநாடாக்களில் இருக்கிறது. தந்தை இல்லாத வருஷங்களைப் பற்றிப் பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். 2001இல் இலங்கை சென்று உறவினர்களோடு இருந்ததை அவரே பதிவுசெய்திருக்கிறார். யாருக்குக் காட்டுவதென்று தெரியாமல் எடுத்தவையாதலால் அவற்றில் பாவனை குறைவு. எமக்கு எண்பதுகளின் கசற்றுகள் நினைவுக்கு வந்தன. வளைகுடாவுக்கு வந்தவர்கள் கடிதத்துக்குப் பதிலாக டூ-இன்-ஒன்னில் குரலைப் பதிந்து ஊருக்கு அனுப்புவார்கள். அறைத்தோழரின் இருமலும் அதில் சேர்ந்து போகும்.

புகழ் வந்ததும் கமரா கைமாறுகிறது. 2009இல் ஒஸ்கார் பரிந்துரை. நிறைமாதத்தில் கிறாமி மேடை. அதே மாதங்களில் வன்னியில் சனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். கிடைத்த இடங்களிலெல்லாம் அதைச் சொன்னார். 2010இல் நியூயோர்க் ரைம்ஸ் சஞ்சிகை அவரைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதியபோது ஊரெல்லாம் பேசப்பட்டது, அவர் தின்ற உருளைக்கிழங்குப் பொரியல்! சொல்லவந்த விஷயம் எப்படித் தொலைகிறது என்பதைப் படம் நன்றாகவே காட்டுகிறது.

ஆனால் இயக்குநரும் மாயா என்ற புதிரிலேயே தங்கிவிடுகிறார். யாழ்ப்பாணத்து உறவினர்கள் அந்தப் புதிருக்கு விடையாக வந்துபோகிறார்கள். தம்முடைய கதையோடு வருவதில்லை. எமக்குப் பெரிய குறை அதுதான்.

படம் முடிந்ததும் கீழ்க்கட்டில் நண்பர் சொன்னார்: “அவவிட்டக் கமரா இருந்தது. லண்டன் பாஸ்போட்டும் இருந்தது.” அதில் பொறாமை இல்லை. அகதி என்ற தகுதி இந்த நாட்டில் எவருக்கும் இல்லை; விசா முடிந்தால் திரும்பவேண்டும். 2009இல் வன்னிச் செய்திகளை நாம் இங்கே தாழ்ந்த குரலில்தான் பேசிக்கொண்டோம். எவரும் பதியவில்லை.

ஊருக்குப் போன எம் கசற்றுகளும் அதிகம் மிஞ்சவில்லை. கேட்டு முடிந்ததும் வீட்டார் அவற்றின்மேல் சினிமாப் பாட்டுப் பதிந்துகொண்டார்கள்.