காப்புரிமை ஏடு எவ்வளவு நம்பத்தக்க சாட்சி?

அமெரிக்காவில் வம்சாவளி தேடுகிறவர்கள், முன்னோர் பெயரில் ஒரு காப்புரிமைப் பத்திரம் கிடைத்தால் புதையல் எடுத்ததுபோல் துள்ளுகிறார்கள். அந்தத் துள்ளலில் பாதி நியாயம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பத்திரத்தில் கண்டுபிடித்தவரின் பெயர், ஊர், நாள், இரண்டு சாட்சிகளின் கையொப்பம் எல்லாம் இருக்கும். குடிக்கணக்கோ பத்தாண்டுக்கு ஒருமுறைதான். அதிலும் 1890 கணக்கெடுப்பு ஏடுகள் 1921 தீவிபத்துக்குப் பின் ஏறக்குறைய முழுதும் இல்லாமல் போயின. எலைஜா மெக்காய் 1872-இல் மிச்சிகனின் இப்சிலாண்டியில் குடியிருந்தார் என்பதற்கு, எண்ணெயிடும் கருவிக்கு அவர் பெற்ற காப்புரிமையே அத்தாட்சி.

அதற்கு மேல் போனால் ஏடு வாயடைத்துவிடுகிறது. வயது இல்லை, பெற்றோர் இல்லை, மனைவி மக்கள் இல்லை. சாட்சிகளை மைத்துனன், பங்காளி என்று ஊகிப்பவர்கள் உண்டு. பல பத்திரங்களில் அவர்கள் வக்கீல் அலுவலக எழுத்தர்கள்தாம். இனம் கேட்கும் வழக்கமும் இல்லை. 1834-இல் மக்காச்சோளம் விதைக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்ற ஹென்றி பிளேரைக் கறுப்பர் என்று குறித்தது அபூர்வ விதிவிலக்கு. அதனால்தான் காப்புரிமை அலுவலகத்திலேயே வேலை பார்த்த கறுப்பரான ஹென்றி பேக்கர், கறுப்பினக் கண்டுபிடிப்பாளர் பட்டியலைத் தொகுக்க வக்கீல்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்க வேண்டியிருந்தது.

பெயர் இல்லையென்றால் ஆளே இல்லை என்று முடிவுகட்டுவது இன்னும் பெரிய பிழை. 1836 டிசம்பர் 15 அன்று வாஷிங்டன் அலுவலகம் எரிந்தபோது ஏறக்குறைய 10,000 காப்புரிமைகளின் ஆவணங்கள் சாம்பலாயின. மீட்கப்பட்டவை 3,000-க்கும் குறைவு. 1821-இல் துணி வெளுக்கும் முறைக்கு உரிமை பெற்ற தாமஸ் ஜென்னிங்ஸின் ஆவணமும் அந்தத் தீயில் போயிற்று.

என்னைக் கேட்டால், முதலில் தேட வேண்டியது பத்திரத்தை அல்ல, வழக்குக் கட்டை. காகிதப்பை இயந்திரத்தைத் தன்னுடையதென்று சார்லஸ் அன்னான் உரிமை கொண்டாடியபோது, மார்கரெட் நைட் வரைபடங்களையும் சாட்சிகளையும் கொண்டுவந்து வென்று 1871-இல் காப்புரிமை பெற்றார். இப்படிப்பட்ட போட்டி வழக்குகளின் வாக்குமூலங்களில்தான் யார் எந்தப் பட்டறையில் எப்போது என்ன செய்தார் என்பது அவரவர் வாய்மொழியிலேயே கிடைக்கும். பத்திரம் மட்டும் கையிலிருந்தால் முகவரிக்கும் தேதிக்கும் அதை ஏற்கலாம், உறவுமுறைக்கு ஏற்கக்கூடாது.

மிசிசிப்பியில் நெட் என்ற அடிமை பருத்தி வயலுக்கு ஒரு கருவி செய்தார். 1857-இல் உரிமை கேட்டவர் அவருடைய எஜமானர் ஆஸ்கர் ஸ்டூவர்ட். எஜமானர் கண்டுபிடித்தவர் அல்ல, அடிமை குடிமகன் அல்ல என்று இருவருக்குமே கதவடைத்தார்கள். நெட்டின் வழிவந்தவர் யாரேனும் இன்று காப்புரிமைப் பட்டியலைப் புரட்டினால் அவரைக் காணமாட்டார். எஜமானர் எழுதிய கடிதங்களில்தான் அந்த ஒற்றைப் பெயர் கிடக்கிறது.