மலைக் காப்பியும் குடும்பம் என்னும் சொல்லும்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், காஞ்சிபுரத்தைத் தாண்டியதும் வருகிற தாமலில் உட்கார்ந்துகொண்டு ஏற்காட்டுக் காப்பியைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது சற்று விநோதமாகத் தோன்றலாம். பெரிய ஏரியையும் அதன் ஆயக்கட்டு வயல்களையும் நம்பியிருக்கும் இவ்வூரில் காப்பிச் செடிக்கு என்ன வேலை? ஆயினும், தறி நெய்கிறவர்களோடு பழகிய ஒருவனுக்கு, குடும்பத் தோட்டத்தில் விளைந்தது என்னும் பெருமையைத் தாங்கி இப்போது விற்பனைக்கு வரும் விசேஷக் காப்பிப் பொட்டலங்களைக் கண்டால், மற்றெல்லாச் சொற்களையும் விட்டுவிட்டு அந்தக் ‘குடும்பம்’ என்ற சொல்லில்தான் கண் போய் நிற்கிறது.

தோட்டத்தின் பெயரிலேயே காப்பியை விற்கும் இம்முறையின் சிறப்பைக் குறைத்துச் சொல்வது நியாயமன்று. 1942-ஆம் ஆண்டின் காப்பிச் சட்டம் விளைச்சலைக் காப்பி போர்டின் பொதுத் தொகுப்பில் சேர்ப்பித்த காலத்தில், தரத்திற்கேற்ப விலை உண்டெனினும், எந்த மலைச்சரிவில் யாருடைய சிரத்தையால் விளைந்தது என்ற வரலாறு அக்குவியலிலேயே கரைந்துபோயிற்று. 1990-களில் அக்கட்டு படிப்படியாகத் தளர்ந்த பிறகே, சேர்வராயன் மலையிலும் பழனி மலையிலும் சிறு தோட்டக்காரர் தம் சரக்கைத் தம் பெயராலேயே விற்க வழி பிறந்தது. பெயர் வந்தால் பொறுப்பும் வருமன்றோ? ஒரே கொத்தில் பச்சையும் செங்காயும் பழமும் கலந்து நிற்கும் அராபிகாச் செடியிலிருந்து, எல்லாவற்றையும் ஒரேயடியாக உருவிவிடாமல், நன்கு சிவந்த பழத்தை மட்டும் மூன்று நான்கு தடவை திரும்பத் திரும்ப வந்து பறித்து, அன்றைக்கே தோலுரித்து, புளிக்கவைத்துக் கழுவி, பதம் தவறாமல் நிழலும் வெயிலும் பார்த்து உலர்த்துகிற பிரயாசையை, பெயரற்ற குவியலுக்காக எவர் மேற்கொள்வார்? ஏறக்குறைய 6 கிலோ பழம் கொடுத்தால்தான் 1 கிலோ கொட்டை கிடைக்கும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். பலாவும் சில்வர் ஓக் மரமும் ஆரஞ்சும் மிளகுக்கொடியும் நிழலாக நிலைத்து நிற்பதற்கும் இந்த விலை ஓரளவு துணைசெய்கிறது.

குறைகளில் ருசியைப் பற்றியது சிறிது. நூற்றுக்கு எண்பது மதிப்பெண் பெற்றால்தான் விசேஷக் காப்பி என்பது உலக வழக்கு. பாலும் சர்க்கரையும் படாத நீரை உறிஞ்சித்தான் அம்மதிப்பெண் இடப்படுகிறது. சிக்கரி கலந்த டிகாக்‌ஷனில் நுரை பொங்கப் பால் ஊற்றி, டபராவில் ஆற்றிக் குடிக்கும் நம்முடைய நாக்கு அந்தப் பரீட்சையில் பரீட்சகராக ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. போகட்டும், அது நம் கௌரவத்தைப் பற்றிய புகார், காப்பியைப் பற்றியதன்று.

பெரிய குறை வேறு; அது ‘குடும்பம்’ என்னும் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. காஞ்சிப் பட்டில் கோர்வைச் சேலை நெய்யும்போது, உடலுக்கு ஒரு நாடாவும் கரைக்கு வேறு நாடாவும் ஓடுவதால் பக்கத்தில் துணைக்கு ஒருவர் வேண்டும். தார் சுற்றுவதும் பாவு பிணைப்பதும் மனைவி மக்கள் கையில். கூலியோ சேலைக்கு இவ்வளவென்று ஒருவர் பெயரில் வரும். குடும்பம் என்ற சொல் இங்கே கணக்கில் ஏறாத உழைப்பை மூடிவைக்கிறது. மலையில் அச்சொல் இன்னும் தந்திரமானது: பொட்டலத்தில் உள்ள குடும்பம் நிலத்துக்குரியவரின் குடும்பம், பழம் பறிப்பவர்கள் பெரும்பாலும் வேறு குடும்பத்துப் பெண்கள். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், பின்னர் திருத்தப்பட்டபடி, 5 எக்டேருக்கும் 15 தொழிலாளருக்கும் குறையாத தோட்டங்களையே பிரதானமாகத் தன் எல்லைக்குள் வைத்ததால், ‘சிறிய குடும்பத் தோட்டம்’ என்று நாம் மனமுருகிப் போற்றும் இடமே, வீடும் மருத்துவமும் கேட்கும் சட்டத்தின் கைக்கு எட்டாத இடமாகவும் அமைந்தது.

பழுத்ததை மட்டும் பொறுக்கச் சொல்லிவிட்டு எடைக்குக் கூலி கொடுத்தால், பொறுமைக்குரிய நஷ்டம் பறிப்பவள் தலையில் விழுகிறது; நாட்கூலியாக்கினால் அது தோட்டக்காரர் கணக்குக்கு மாறுகிறது. இவ்விரண்டில் எது நடந்தது என்பதைப் பொறுத்தே அந்தக் காப்பியின் உயர்ந்த விலையை நான் மதிப்பிடுவேன். மலையின் உயரம் அடிக்கணக்கில், செடியின் ரகம் எஸ்.795, உலர்த்திய நாட்கள், வறுத்த தேதி என்று இத்தனைக்கும் இடங்கொடுக்கும் பொட்டலத்தில், பறித்த கூலிக்கு ஒரு வரி ஒதுக்க அச்சகத்தாருக்கு இடமா இல்லை?