பன்னிரண்டு சாவுகளின் கணக்கு

சுங்குவார்சத்திரத்தில் ராத்திரி ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் டீ குடிக்கும் கடைகளில், ராஜீவ் காந்தி கொலைப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் விரல் மடக்கத் தொடங்கிவிடுவார். தணு, ஹரிபாபு, சிவராசன், சுபா, கோடியக்கரை சண்முகம்... “இத்தனை பேர் எப்படிங்க வரிசையா சாவாங்க? யாரோ வாயை அடைச்சிருக்காங்க.” 1991 மே 21 இரவு குண்டு வெடித்த ஸ்ரீபெரும்புதூர் மைதானம் அங்கிருந்து பக்கம்தான். விரல் மடக்குபவர்களில் பாதிப்பேர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள்.

பட்டியல் பொய்யில்லை. வழக்கில் சேர்க்கப்பட்ட 41 பேரில் 12 பேர் விசாரணைக்கு முன்பே இறந்துவிட்டார்கள். ஆனால் எண்ணிக்கை எதையும் நிரூபிப்பதில்லை. கென்னடி கொலையில் இதே கணக்கைப் போட்டு ஒரு லண்டன் பத்திரிகை மாட்டிக்கொண்டது. சாட்சிகள் இத்தனை பேர் இயல்பாகச் சாவதற்கான வாய்ப்பு பல லட்சம் கோடியில் ஒன்றுகூட இல்லை என்று எழுதியது. அந்தக் கொலையை விசாரித்த வாரன் கமிஷன் ஆவணங்களில் பெயர் வந்தவர்களே இரண்டாயிரத்துக்கும் மேல்; அத்தனை பேரில் சிலர் சாவது அதிசயமா? கேள்வியைத் தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று பின்னர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடம் பத்திரிகையே ஒப்புக்கொண்டது.

நம் பட்டியலிலும் அதே ஓட்டை. பன்னிரண்டில் இருவர், குண்டைக் கட்டிவந்த தணுவும் படம் பிடிக்க வந்த ஹரிபாபுவும், குண்டிலேயே போனார்கள். மிச்சம் பத்தில் பெரும்பாலோர் கழுத்தில் சயனைடு குப்பி கட்டிய விடுதலைப் புலிகள் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். பிடிபடுமுன் சாவது அங்கே விதி. அந்த விதியை மறந்துவிட்டு எண்ணினால்தான் எண்ணிக்கை பயமுறுத்தும்.

அதற்காக எல்லாச் சாவையும் ஒதுக்கிவிட முடியாது. ஒவ்வொன்றாக எடுத்து, இந்த ஆளோடு என்ன தகவல் போயிற்று என்று கேட்டால் சில சாவுகள் கனக்கின்றன. சண்முகம் கடத்தல்காரர், படகில் யார் வந்தார்கள், என்ன இறங்கியது என்று தெரிந்தவர். 1991 ஜூலையில், புலனாய்வுக் குழுவின் பிடியில் சிக்கிய பிறகு, வேதாரண்யத்தில் தூக்கில் தொங்கிய நிலையில் கிடைத்தார். தற்கொலை என்றார்கள். காவலில் இருந்தவர் கயிறு வரை போனது எப்படி என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அது காவலின் லட்சணத்தைக் காட்டுமே தவிர, டெல்லியில் சதி இருந்ததாகக் காட்டாது. பெங்களூரு கோணனகுண்டேயிலும் இதே கதை. சதியை முன்னின்று நடத்திய சிவராசனும் கூட்டாளிகளும் ஒளிந்திருந்த வீட்டைச் சுற்றி வளைத்தபின், சயனைடு முறிமருந்து வரட்டும் என்று ஒன்றரை நாள் காத்திருந்தார்கள். ஆகஸ்ட் 20 விடியலில் உள்ளே போனபோது ஏழு பிணங்கள். சிவராசன் தலையில் குண்டு. அந்தக் காத்திருப்பை மெத்தனம் என்பார் ஒருவர், திட்டம் என்பார் இன்னொருவர். ஒரே பிணம் இரண்டு கட்சிக்கும் சாட்சி சொல்லுமானால், அது எந்தக் கட்சிக்கும் சாட்சியில்லை.

சாவே நிச்சயமில்லை என்ற கட்சியும் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதன்மையானவரான புலிகள் தலைவர் பிரபாகரன் 2009 மே மாதம் கொல்லப்பட்டதை ஏற்று, 2010-இல் சென்னை தடா நீதிமன்றம் அவர்மீதான வழக்கை முடித்தது. 2023 பிப்ரவரியில் பழ.நெடுமாறன் தஞ்சாவூரில் அவர் உயிரோடு இருக்கிறார் என்றார். இரண்டு நாள் டிவியில் ஓடியது.

யாரும் விரல் மடக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. உயிரோடு கூண்டில் நின்ற 26 பேருக்கும் 1998-இல் தூக்கு விதித்தார்கள். 1999-இல் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைச்சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. குறுக்கு விசாரணை, மேல்முறையீடு எல்லாம் அவர்களுக்குக் கிடைத்தன. செத்த பன்னிரண்டு பேருக்கு வக்கீல் கிடையாது.

ஹரிபாபுவை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் உடலோடு கிடைத்த கேமராதான் தணுவையும் சிவராசனையும் காட்டிக்கொடுத்தது. வாயடைக்கச் சாவு என்ற வாதம் இங்கே தலைகீழாகிறது. ஆள் போய், சாட்சியம் தங்கியது. குண்டு வெடிக்கப்போவது தெரிந்து அவ்வளவு பக்கத்தில் நின்றாரா, தெரியாமல் நின்றாரா? கூண்டில் ஏறியிருந்தால் அந்த 19 பேரோடு வெளியே வந்திருப்பாரா, மிச்சம் ஏழு பேரோடு சிறைக்குத் திரும்பியிருப்பாரா? மாலையோடு காத்திருக்கும் தணு அந்தப் பிலிம் சுருளில் இருக்கிறார். படம் பிடித்தவர் இல்லை.