தொட்டாச்சிணுங்கிகளும் தொட்டாலும் சிணுங்காதவர்களும்

சில வருடங்களுக்கு முன் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி வகுப்பு முடிந்ததும் என் மேசையருகே வந்து நின்றாள். மூன்று வாரமாக அவள் கட்டுரை தரவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"எதுவுமே தோண மாட்டேங்குது மேடம்."

"வீட்ல ஏதாவது பிரச்சினையா? அழுதியா?"

"இல்ல மேடம். அழுகையும் வரல."

அந்தக் கடைசி பதிலை நான் காதில் வாங்கவே இல்லை. வகுப்பில் ஒரு கதையை வாசித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்குகிறவள் அவள். விடுதியில் யாராவது சுருக்கென்று ஒரு சொல் சொல்லிவிட்டால் அன்று ராத்திரி சாப்பிட மாட்டாள். அதனால் அவளுக்கு என்னவென்று எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்துவிட்டேன். "நீ ரொம்ப நுட்பமான பொண்ணும்மா. அதுல தப்பே இல்ல. உலகம்தான் மரத்துப்போய்க் கிடக்கு" என்று சொல்லி, சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் 'தி யெல்லோ வால்பேப்பர்' கதையை நகலெடுத்து அவள் கையில் கொடுத்து அனுப்பினேன்.

அவள் அதைப் படிக்கவில்லை. படிக்க முடியாத நிலையில் இருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. பெண்ணிய விமர்சனத்தில் நான் பழகியிருந்த வாசிப்பே அவளைச் சரியாகப் பார்க்கவிடாமல் எப்படி என் கண்ணை மறைத்தது என்பதைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

முதலில் சொற்கள். எளிதில் மனம் கலங்கும் பெண்ணை நம் வீடுகளில் தொட்டாச்சிணுங்கி என்பார்கள். கொஞ்சம் படித்த வீடென்றால் 'அவ ரொம்ப சென்சிடிவ்'. மனச்சோர்வு என்ற நோய்க்கோ பேச்சுத்தமிழில் உறுதியான ஒரு சொல் இல்லை. பத்திரிகைகள் 'மன அழுத்தம்' என்று எழுதுகின்றன. வேலைச்சுமையால் வரும் அழுத்தத்துக்கும் அதே சொல்தான். பரீட்சை தள்ளிப்போனாலும் 'டிப்ரஷனா இருக்குடி' என்கிறோம். உண்மையிலேயே அந்த நோயில் விழுந்த பெண்களோ பெரும்பாலும் உடம்பைச் சொல்கிறார்கள்: அசதியாக இருக்கிறது, தலை பாரமாக இருக்கிறது, கை கால் ஓய்ந்துபோகிறது. வீட்டில் உள்ளவர்கள் சுக்குக் காப்பி போட்டுக்கொடுத்துவிட்டு, 'அவ எப்பவுமே அப்படித்தான்' என்று போய்விடுகிறார்கள்.

தொட்டாச்சிணுங்கிச் செடியைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். தொட்டால் இலை மூடும், கொஞ்ச நேரத்தில் தானாகவே விரியும். மூடுவதும் விரிவதும் அதன் உயிர்ப்பு. யாரும் தொடாமலே இலை தொங்கி, நாள்கணக்கில் நிமிராமல் கிடந்தால் அது வேறு விஷயம். வேரைப் பார்க்க வேண்டும். இந்த வித்தியாசத்தை இலக்கியம் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். நான் பாதியைத்தான் கற்றிருந்தேன்.

குறுந்தொகையின் 28ஆம் பாட்டை ஒவ்வொரு வருடமும் நடத்துகிறேன். ஔவையார் பாடியது. காற்று அலைக்கும் இரவில் தலைவி விழித்திருக்கிறாள். தன் துன்பம் அறியாமல் ஊர் உறங்குகிறது. முட்டிக்கொள்வதா, தாக்குவதா, ஏதாவது ஒரு சாக்கில் ஓலமிடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இன்று ஒரு பெண் இப்படிப் பேசினால் டாக்டரிடம் அழைத்துப்போகச் சொல்வார்கள். பாட்டைக் கூர்ந்து பார்த்தால் அவளுடைய உணர்ச்சிக்கு முகவரி இருக்கிறது. யார் இல்லாததால் வலிக்கிறது, யார் மேல் கோபம் என்பது அவளுக்குத் தெரியும். காற்று படுவதை உணர்கிறாள். தலைவன் வந்துவிட்டால் இந்த இரவு வேறாகிவிடும். அவளே இதை நோய் என்றுதான் சொல்கிறாள்; சங்கத் தமிழில் அந்தச் சொல்லுக்குத் துன்பம் என்றும் பொருள். மருத்துவர் தேடும் நோய் இதுவல்ல. தீவிரமாக உணர்கிற ஒரு பெண், அவ்வளவுதான்.

இந்தத் தலைவியையும் கில்மனின் கதைசொல்லியையும் ஒரே வரிசையில் வைத்துத்தான் பல வருடங்கள் பாடம் நடத்தினேன். 1892இல் வெளிவந்த அந்தக் கதையில், பிள்ளை பெற்ற ஒரு பெண்ணை மருத்துவரான கணவன் ஜான் ஒரு பழைய மாளிகைக்கு அழைத்துப்போகிறான். சன்னல்களில் கம்பி போட்ட மாடியறை. எழுதக் கூடாது, வேலை செய்யக் கூடாது, ஓய்வெடுக்க வேண்டும். அவள் ஒளித்து ஒளித்து எழுதுகிறாள். அதுவும் முடியாமல் போனபின் சுவரில் ஒட்டிய மஞ்சள் தாளின் கோலங்களுக்குப் பின்னால் ஒரு பெண் அடைபட்டிருப்பதைக் காணத் தொடங்குகிறாள். கில்மன் இதைக் கற்பனையில் மட்டும் எடுக்கவில்லை. 1885இல் மகள் பிறந்தபின் அவர் கடும் சோர்வில் விழுந்தார். 1887இல் வெய்ர் மிட்செல் என்ற புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் அவருக்கு 'ஓய்வுச் சிகிச்சை' அளித்து, வீட்டோடு இரு, பேனாவைத் தொடாதே என்று சொல்லியனுப்பினார். அந்தக் கட்டளை தன்னைப் பைத்தியத்தின் விளிம்புக்குக் கொண்டுபோனதாக 1913இல் கில்மன் எழுதினார்.

இந்தக் கதையை நாங்கள் எதிர்ப்பின் கதையாகவே வாசித்தோம். 1979இல் வந்த சாண்ட்ரா கில்பர்ட், சூசன் குபார் இருவரின் 'தி மேட்வுமன் இன் தி ஆட்டிக்' நூலுக்குப் பிறகு அது வகுப்பறை வாசிப்பாகவே ஆகிவிட்டது. தாளைக் கிழிப்பது ஆணாதிக்கத்தைக் கிழிப்பது. பைத்தியம் என்பது கலகம். அந்த வாசிப்பில் பெரிய உண்மை இருக்கிறது. பெண்ணின் நியாயமான துயரத்துக்கு நோய்ப் பெயர் சூட்டி வாயடைத்த வரலாறு நீளமானது. ஹிஸ்டீரியா என்ற சொல்லே கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது.

மாணவியின் விஷயம் தெரிந்தபின் கதையை மறுபடி எடுத்தேன். முதல் பக்கத்திலேயே நான் தாண்டிப்போன ஒன்று இருந்தது. ஜான் அவளை நோயாளி என்று முத்திரை குத்தவில்லை. அவளுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, கொஞ்சம் நரம்புத் தளர்ச்சிதான் என்று உறவினரிடம் சொல்கிறான். தனக்கு உண்மையாகவே உடம்பு சரியில்லை என்று சொல்வது அவள்தான், அவன் நம்புவதில்லை. மனதைக் கட்டுப்படுத்திக்கொள், உன்னை நீதான் மீட்க வேண்டும் என்கிறான். அவளுடைய உணர்ச்சியைப் பலவீனம் என்று ஒதுக்குவதும் அவளுடைய நோயை இல்லையென்று மறுப்பதும் அந்த வீட்டில் ஒன்றாகவே நடக்கின்றன. முதல் அநீதியைக் கண்ட நான் இரண்டாவதைக் காணவில்லை. மாணவியிடம் நான் பேசியது ஜானின் பேச்சுத்தான், கொஞ்சம் அன்பான குரலில். உனக்கு நோயொன்றுமில்லை, நீ நுட்பமானவள்.

அன்று அவளுக்குக் கொடுத்திருக்க வேண்டிய புத்தகம் என்று ஒன்று இருக்க முடியாது. நான் படித்திருக்க வேண்டியது சில்வியா பிளாத்தின் 'தி பெல் ஜார்'. 1963 ஜனவரியில் புனைபெயரில் வந்த நாவல். அடுத்த மாதமே பிளாத் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த முடிவின் நிழலிலேயே படிப்பதால் அதை அளவுக்கு மீறி உணர்ந்தவளின் கதை என்று பலரும் நினைக்கிறார்கள். நாவலுக்குள் இருப்பது நேர்மாறானது. எஸ்தர் என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு நியூயார்க்கில் பத்திரிகை வேலை, விருந்து, உடை என எல்லாம் கிடைக்கிறது. எதுவும் அவளைத் தொடுவதில்லை. வீடு திரும்பியபின் தூக்கம் போகிறது. படிக்க உட்கார்ந்தால் எழுத்துகள் நழுவுகின்றன. கையெழுத்து குழந்தையின் கிறுக்கலாகிறது. இன்று குளித்தால் நாளையும் குளிக்க வேண்டுமே என்பதால் மூன்று வாரம் தலைக்குக் குளிப்பதில்லை. கண்ணாடிக் குடுவை என்ற உவமையும் மிகுதியைச் சொல்வதில்லை. உலகில் எங்கே போய் உட்கார்ந்தாலும் அதே குடுவைக்குள் அதே புளித்த காற்று என்பதே அதன் பொருள். ஊர் உறங்குகிறதே என்று பதறிய குறுந்தொகைத் தலைவிக்கு வெளியே ஒரு உலகம் இருந்தது. எஸ்தருக்கு அதுதான் அறுந்துபோயிருந்தது.

அம்மா, மகள் தேறுவதென்று முடிவு செய்தால் தேறிவிடுவாள் என நம்புகிறார். முதல் மருத்துவர் எந்தக் கல்லூரி என்று விசாரிக்கிறார். அவர் தரும் மின்சிகிச்சை ஒரு தண்டனை போல இருக்கிறது. பிறகு வரும் டாக்டர் நோலன் என்ற பெண் காது கொடுத்துக் கேட்கிறார், முறையாகச் சிகிச்சை தருகிறார், குடுவை கொஞ்சம் மேலே எழுகிறது. பெண்ணை நெரிக்கும் சமூகத்தை இந்த நாவல் எங்கும் மன்னிக்கவில்லை. அதற்காக நோயை உருவகமாக மாற்றிவிடவும் இல்லை. காரணம் சமூகத்தில் இருக்கலாம், நோய் உடம்பில் இருக்கிறது என்று இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது. நம் விமர்சனம் தவறவிட்ட இடம் இதுதான்.

இலக்கியத்திலிருந்து கொஞ்சம் வெளியே வருகிறேன். நுண்ணுணர்வு நோயல்ல. எலைன் ஆரன் என்ற உளவியலாளர் 1996இல் எழுதிய நூலுக்குப் பிறகு அதை ஓர் இயல்பாகவே பலரும் பேசுகிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்குத் துக்கம் போலவே சந்தோஷமும் ஆழமாக இறங்கும். ஒரு சொல்லில் வாடுவார்கள், ஒரு நல்ல பாட்டில் மலர்வார்கள். மனச்சோர்வில் இந்த ஏற்ற இறக்கமே மங்கிப்போகிறது. மனம் தாழ்ந்து கிடக்கிறதா, பிடித்தவற்றிலும் ஆர்வம் போய்விட்டதா என்பதை மருத்துவர்கள் முதலில் பார்க்கிறார்கள். இவற்றில் ஒன்றாவது இருந்து, கூடவே தூக்கம், பசி, தெம்பு, கவனம் ஆகியவை கெடுவது, காரணமில்லாத குற்ற உணர்வு, சாவைப் பற்றிய நினைப்பு போன்றவையும் சேர்ந்து, பெரும்பாலான நாட்களிலும் குறைந்தது 2 வாரம் நீடித்தால் அது சிகிச்சை தேவைப்படும் நிலை. தைராய்டு குறைவும் ரத்தசோகையும் இதைப்போலவே தோன்றும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் வேண்டியிருக்கும். ஆண்களைவிடப் பெண்களிடம் மனச்சோர்வு ஏறத்தாழ 50 விழுக்காடு அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இரண்டும் ஒருத்திக்கே இருக்கலாம் என்பதுதான் சிக்கல். தொட்டாச்சிணுங்கி என்று பெயரெடுத்தவளின் நோய்தான் கடைசியாகக் கண்ணில் படுகிறது. அவளை மற்ற பெண்களோடு ஒப்பிட்டுப் பயனில்லை. போன மாதத்து அவளோடுதான் ஒப்பிட வேண்டும். அழுகிறவள் அழாமல் போனாலும் அது மாற்றம்தான். "அழுகையும் வரல" என்று என் மாணவி அதைத்தான் சொன்னாள்.

அதைக் கேட்டவள் அவளுடைய அறைத்தோழி. பக்கெட்டில் ஊறவைத்த துணி நான்கு நாளாகக் கிடந்ததை, விடிகாலை மூன்று மணிக்கு அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததை, போனில் பாட்டே கேட்காததை அவள் பார்த்திருக்கிறாள். "வாடி, போய்ட்டு வந்துடலாம்" என்று அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய், ஓ.பி. சீட்டு வாங்கி, மனநலப் பிரிவின் வரிசையில் மதியம் வரை கூட உட்கார்ந்திருக்கிறாள்.

சங்கப் பாடல்களில் தலைவி மெலிந்தால் தாய் கட்டுவிச்சியை அழைப்பாள், வேலனை அழைப்பாள். வேலனுக்கு எல்லா மெலிவுக்கும் காரணம் முருகன். தோழிக்குத்தான் உண்மை தெரியும். குறுந்தொகை 23ஆம் பாட்டில், தலைவனின் மலையைப் பாடிய அந்த வரியை இன்னொரு தரம் பாடு என்று கட்டுவிச்சியிடம் தோழி கேட்பது அதனால்தான். அவளிடம் சாத்திரம் எதுவும் கிடையாது. கூடவே இருந்து பார்த்தவள் என்பதே அவள் தகுதி. நான் அன்று வேலனாக இருந்தேன். எனக்கு எல்லா மெலிவுக்கும் காரணம் ஆணாதிக்கம். விடை கையில் இருந்ததால் கேள்வி கேட்கவில்லை.

ஆறு மாதம் கழித்து அவள் வந்தாள். மாத்திரை சாப்பிட்டால் உணர்ச்சியெல்லாம் மழுங்கிவிடுமோ என்று அதுவரை எனக்குள் ஒரு பயம் இருந்தது. சிலருக்கு அப்படி ஆவதுண்டு. மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்ப்பார்கள். இவளுக்கு நேர்மாறாக நடந்திருந்தது.

"நேத்து பஸ்ஸுல ஒரு பாட்டு போட்டாங்க மேடம். அழுதுட்டேன்" என்றாள். சொல்லும்போது சிரித்துக்கொண்டிருந்தாள்.

கில்மனின் கதையை இப்போதும் நடத்துகிறேன். தாள் கிழியும் காட்சியில் மாணவிகளின் முகம் மலர்வதைப் பார்க்க இப்போதும் பிடிக்கும். அதற்குப் பிறகு ஒரு கேள்வி கேட்கிறேன்: தனக்கு உடம்பு சரியில்லை என்று அவள் முதல் பக்கத்திலேயே சொன்னாளே, அதை நம்மில் எத்தனை பேர் நம்பினோம்?