எக்ஸெல்லின் முதுகு

விடிகாலையில் பாகூர் ஏரிக்கரைப் பக்கம் நின்று பாருங்கள். டிவிஎஸ் எக்ஸெல் மொபெட் எல்லாம் முன்னாலிருந்து ஒன்றுபோலத்தான் இருக்கும். பின்னால் கட்டியிருப்பதை வைத்துத்தான் ஆளைச் சொல்ல முடியும். இருபுறமும் கேன் தொங்கினால் பால்காரர். தெர்மாகோல் பெட்டி என்றால் மீன். பிளாஸ்டிக் கிரேட் என்றால் வில்லியனூருக்குப் போகிற காய்கறி.

1980-இல் இதன் முன்னோடியான டிவிஎஸ் 50 வந்தபோது அது இருவர் உட்காரும் மொபெட். 2015-இல் வந்த எக்ஸெல் 100-இல் பின்சீட்டைக் கழற்றிவிடலாம். கழற்றிய இடத்தில் பெட்டியா, பையா?

என் ஓட்டு பைக்குத்தான். இரண்டு உரச்சாக்கைச் சேர்த்துத் தைத்துக் குறுக்கே போட்டால் போதும். கழுதைப் பொதியின் அதே கணக்கு. பாரம் தாழ்வாக இருக்கும், காலியானால் சுருட்டிக்கொள்ளலாம். பெட்டிக்குப் பூட்டு உண்டு, மழை புகாது, சரிதான். ஆனால் ரொம்பப் பின்தள்ளி வைத்தால் ஹேண்டில் லேசாகி வண்டி அலையும். காலியாக வந்தாலோ வரப்போரப் பாதையில் ஒரே தடதடப்பு!

எதை வைத்தாலும் கட்டுவதற்குப் பழைய சைக்கிள் டியூப்தான். விரலகலத்துக்கு நறுக்கி, இழுத்துச் சுற்றி, நுனியை அடிச்சுற்றுக்குள் செருகிவிடுவார்கள், முடிச்சே கிடையாது. குலுங்கிச் சரக்கு அமுங்கினால் கயிறு தளரும். டியூப்போ தானும் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும்.

திரும்பும்போது மடித்த சாக்கே வீட்டம்மாவுக்கு மெத்தை. ஒருக்களித்து உட்கார்ந்து, ஒரு கையால் அந்த டியூப்பைப் பிடித்தபடி வருவார்.